பொக்கற் கொப்பி, போட்ஸ்ஃபியூர், நோர்வே

ஜனவரி 22, செவ்வாய்

சூரியன் வந்துவிட்டது. பதினொரு மணிபோல மலைக்கு மேலே ஒரு விளிம்பு. கொஞ்ச நேரம்தான். பக்டரியில் லைனை நிற்பாட்டிவிட்டு எல்லோரும் வாசலுக்குப் போனோம். போர்மன் சூரிய பன் வாங்கி வைத்திருந்தார், உள்ளே ஜாம் வைத்தது. இரண்டு மாதம் இருட்டில் கிடந்த முகங்கள். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். போலந்துக்காரன் ஒருவன் அழுதான். பன்னில் இனிப்புக் கூட. இரண்டு சாப்பிட்டேன்.

நாரி நோகிறது. ஸ்க்ரெய் மீன் வரத் தொடங்கிவிட்டது. இனி ஏப்ரல் வரை குனிந்த முதுகு நிமிராது.

பின்னேரம் மனுசியின் தம்பி ஜீவன் வந்தான். போனில் ரீப்பே படங்கள். வெள்ளைப் பறவை, வால் மட்டும் கறுப்பு. எங்கள் கவுதாரி மாதிரித்தான், கொஞ்சம் கொழுத்தது. வா வா என்கிறான். எனக்கு வயது ஐம்பத்தாறு என்று சொன்னேன். “ரீப்பேக்கு வயசு தெரியாது அத்தான்” என்கிறான்.

பெப்ரவரி 1, வெள்ளி

ஜீவன் துவக்கைக் கொண்டுவந்து சோபாவில் வளர்த்தினான். மனுசி குசினிக்குள் போனவ போனவதான். அது திரும்பவும் காருக்குள் போகும்வரை வெளியில் வரவில்லை. துவக்கைக் கண்டால் அவவுக்கு ஆகாது. ஜீவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இவன் எப்படி மாறினான் என்று எனக்கு விளங்கவில்லை.

வேட்டைச் சோதனை பாஸ் பண்ணின கதை திரும்பவும். ஐம்பது கேள்வி. போன முறையும் இதே கதை கேட்டேன். மார்ச் 15 வரை ரீப்பே அடிக்கலாமாம், தெற்கில் அதற்கு முதலே பூட்டிவிடுவார்களாம். அனுமதிச் சீட்டும் எடுத்துவிட்டான்.

“நீங்கள் சுட வேண்டாம். சும்மா துணைக்கு.”

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தெளிவாகச் சொன்னேன்.

பெப்ரவரி 6, புதன்

போகிறேன். சனிக்கிழமை.

மனுசியிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஊரில் இத்தனை வருசம் இருந்து, மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று காரின் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன். 1988 இல் வந்தபோது மலை தெரிந்தது, மீன் நாறியது. இப்போதும் மலை தெரிகிறது, மீன் நாறுகிறது.

பூட்ஸ் ஜீவனுடையது, பழையது. மேஸ் இரண்டு போட்டால் இடது கால் இறுக்கம். சின்னவிரல் மடங்குகிறது. ஒன்று போட்டால் குளிரும். இரண்டு போடுவேன். இடம் விடும்.

பெப்ரவரி 8, வெள்ளி

பன்னிரண்டு மணித்தியாலம் லைனில். கை மரத்துவிட்டது. கொட் தலைகள் கண்ணுக்குள் நிற்கின்றன.

மனுசிக்குச் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. இரவு மீன் ரோல்ஸ் பொரித்து ஈயக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறா. கோபம் இருந்தாலும் ரோல்ஸ் இருக்கிறது.

ஞாயிறு காற்று செக்கனுக்கு 20 மீற்றர் என்று போட்டிருக்கிறது. சனி பின்னேரம்வரை ஒன்றுமில்லை. போர்மனிடம் சொன்னபோது கரசோக்கின் கதையை எடுத்தார். 1886, ஜனவரி முதலாம் திகதி, -51.4. இந்த நாட்டின் குளிர் றெக்கோட். அதைக் கேட்டு ஜீவன், “அங்கை 51, இஞ்சை 14 தானே அத்தான். ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ.” கரசோக்கில் அந்தக் குளிருக்குக் காற்று இராது. இங்கே காற்றுத்தான் எல்லாம். சொல்லவில்லை. நான் பயப்படுகிறேன் என்று நினைப்பான்.

பயப்படவில்லை. நித்திரை வருகுதில்லை, அவ்வளவுதான்.

பெப்ரவரி 9, சனி
காலை 6.20

891 வீதி திறந்திருக்கிறது. கொலோன் இல்லை, தடை தூக்கியிருக்கிறது. ஸ்னோ தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் வரிசையில் போகத் தேவையில்லை. நல்ல சகுனம் என்கிறான் ஜீவன். சகுனம் பார்க்கிறவன் கைவிளக்குக்குப் பற்றரி வாங்கியிருக்கலாம். நெற்றியில் கட்டுகிற விளக்கு ஒன்றுதான், இரண்டு பேருக்கும்.

9.40

ஸ்னோ ஸ்கூட்டர் பாதை. கழிகள் வரிசையாக. பாதையை விட்டு விலத்தி ஓடினால் தண்டம், அதனால் ஸ்கூட்டரை இங்கே விட்டுவிட்டு ஸ்கீயில் போகிறோம். மண்வெட்டி, நித்திரைப் பை, பெரிய தெர்மோஸ் எல்லாம் ஸ்கூட்டர்ப் பெட்டியில். பாரம் வேண்டாமாம். இரண்டு மணிக்குத் திரும்பிவிடலாமாம்.

வெளிச்சம் ரோசா நிறம். இப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. மனுசியையும் கூட்டிவந்திருக்கலாம்.

சின்னவிரல் குத்துகிறது.

இரவு. நேரம் தெரியாது

பேனை உறைந்துவிட்டது. பென்சில். கையுறையோடு.

ஓடைக் கரை. பனி ஏறி மேடு கட்டின இடம். ஸ்கீ வாலாலும் கையாலும் தோண்டினோம். இரண்டு பேர் முதுகோடு முதுகு.

காற்று.

ஸ்கூட்டர் இல்லை. கழிகள் இல்லை.

விரலில் இப்போது குத்து இல்லை. நல்லது. இல்லை, நல்லதில்லை.

பெப்ரவரி 10, ஞாயிறு
மதியம் கழிந்து

உள்ளே இருக்கிறோம். மண் குடில். கம்மே. கடவுளே.

கொஞ்சம் காற்று அடங்கினபோது ஓடையைப் பிடித்துக் கீழே நடந்தோம். ஜீவன் மேலே போகலாம் என்றான், கழிகள் மேலேதானாம். நான் கீழே என்றேன். ஓடை எங்கேயாவது போய்ச் சேரும். சண்டை. கெட்ட வார்த்தை சொன்னேன், அவன் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. கீழே வந்தோம். ஒரு தகரக் குழாய் பனிக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. அடுப்புக் குழாய். கதவைத் தேடிக் கையால் கிண்டினோம். பூட்டில்லை.

பேச்சின்றி நின்றேன். ஜீவன் கதவைத் தொட்டுக் கும்பிட்டான்.

பின்னேரம்

அடுப்பு எரிகிறது. ஆரோ பிளந்து அடுக்கி வைத்த பேர்ச் விறகு. பட்டையை உரித்து நெருப்பு வைத்தால் ஈரமென்றாலும் பிடிக்கிறது. தகரத்துக்குள் உப்பு, கல்லாய் இறுகி. மக்கரோனி அரைப் பைக்கட். ஒரு கொப்பியும் கிடந்தது, வந்து போனவர்கள் பெயர் எழுதுகிறது. நோர்ஸ்கில் எழுதினேன்: இரண்டு பேர், போட்ஸ்ஃபியூரிலிருந்து, வழி தவறி, கால் சரியில்லை, விறகுக்கு நன்றி. எழுதும்போது கை நடுங்கினது குளிரால் இல்லை.

நேற்றைய கணக்கை இப்போது எழுதுகிறேன், மறந்துவிடும்.

பன்னிரண்டு மணிவரை எல்லாம் வடிவாக இருந்தது. ஓடைக்கரைப் பற்றைகளுக்குள் ரீப்பே. காலடிக்குக் கிட்டப் பனியே வெடித்துப் பறந்தது என்றுதான் நினைத்தேன். பனிக்குள் புதைந்து படுத்திருக்கின்றன. ஜீவன் இரண்டு விழுத்தினான். மூன்றாவது அடிபட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. காயப்பட்டதை விடக் கூடாது என்று சட்டமாம். போனோம். அது கிடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் எங்கள் ஸ்கீத் தடம் இல்லை. காற்று நிலத்தோடு புகையாய் ஓடினது, முதலில் முழங்கால்மட்டும், பிறகு இடுப்புமட்டும், பிறகு ஜீவனே இல்லை. சத்தம் வைத்தேன். நாலு அடிக்குள் நின்றான்.

வரைபடம் எல்லாம் போனில். போன் குளிரில் செத்துவிட்டது. என்னுடையதில் பற்றரி இருந்தது, சிக்னல் இல்லை. பிறகு அதுவும் செத்துவிட்டது. “ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அத்தான்.” நேற்று இதை எத்தனை தரம் சொன்னான். கன்னத்தில் ஒன்று போடலாம் என்று வந்தது.

இரண்டு மணி கழிந்ததும் சூரியன் போய்விட்டது. சூரியனைக் காணவுமில்லை, வெள்ளை சாம்பலானது, அவ்வளவுதான்.

குழி தோண்டலாம் என்று சொன்னது அவன். நான் நடப்போம் என்றேன். அவன் கேட்கவில்லை. தோண்டத் தொடங்கினதும் ஆளே வேறை. கதை இல்லை, பீத்தல் இல்லை. வாசல் காற்றுக்கு மறுபக்கம், உள்ளே கொஞ்சம் மேடு, முதுகுப்பையைக் கீழே போட்டு அதில் இருங்கோ, கையைக் கக்கத்துக்குள் வையுங்கோ. ஒவ்வொன்றாக, மெதுவாக. இதைச் சோதனைக்குப் படித்தாயா என்று கேட்டேன். “இல்லை அத்தான், இது ஊரிலை படிச்சது. பங்கர்.” பிறகு சொன்னான், “இதிலை பாம்பு இல்லை. அது ஒரு நிம்மதி.”

ரோல்ஸ் கல்லாய் இறுகிப் போய்விட்டது. சட்டைக்குள் வைத்து இளக்கித் தின்றோம். ஒரு குவிக் லுன்ஷ் சொக்லேற் இருந்தது. கடதாசியின் உள்பக்கம் மலைக்குப் போகிறவர்களுக்கான விதிகள் அச்சடித்திருக்கும். நெற்றி விளக்கில் ஜீவன் வாசித்தான். 2016 இல் திருத்தி எழுதினவையாம். முதலாவது, போகிற வழியைச் சொல்லிவிட்டுப் போ. ஏழாவது, வரைபடமும் திசைகாட்டியும். எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. அதில் வந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு. சிரித்ததில் உதடு வெடித்து இரத்தம். ஒன்பதாவது, பலத்தைச் சேமி, தேவைப்பட்டால் ஒதுங்கு. “பாத்தீங்களா, கடைசி விதியிலை நாங்கள் பாஸ்.”

நித்திரை கொள்ளக் கூடாது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். பக்டரி. மகளின் ஒஸ்லோ வீட்டு வாடகை. அவன் எனக்குத் தரவேண்டிய காசு (அவன்தான் எடுத்தான், நான் எடுக்கவில்லை). கதை முடிந்துவிட்டது. விடாய்க்குது என்றான். பனி தின்னக் கூடாது, உடம்புச் சூடு போய்விடும். சின்னத் தெர்மோஸில் அடியில் கொஞ்சம் தேத்தண்ணி, அது வெளியில் ஸ்கீயோடு கட்டிக் கிடந்தது. எடுத்து வரலாம் என்று எழும்பினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தான். அப்படி ஒரு பிடி. “வெளியிலை போகாதேங்கோ.” விடு என்றேன். விடவில்லை. “தண்ணி வேண்டாம். நான் கேக்கேல்லை. நான் கேக்கேல்லை அத்தான்.”

பிறகு சொன்னான். அவனுடைய அண்ணன் ராசனைப் பற்றி.

அதை இங்கே எழுதப் போவதில்லை.

இரவு

பூட்ஸ் கழற்றினேன். மேஸ் தோலோடு ஒட்டியிருந்தது. நான்கு விரல் வெள்ளை, சின்னவிரல் மெழுகு நிறம், தட்டினால் கட்டைச் சத்தம். அடுப்புக்குக் கிட்ட நீட்டினேன். ஜீவன் பாய்ந்து வந்து இழுத்தான். மரத்த கால் சூடு உணராது, வெந்துவிடும் என்றான். எனக்கு எங்கேயோ கேட்டது ஞாபகம், ஸ்னோ போட்டுத் தேய்க்க வேண்டும் என்று யாரோ. “ஐயோ, தேய்க்கக் கூடாது.” பிறகு சட்டையை உயர்த்தி என் காலை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தான். வெறும் வயிறு. அவன் மூச்சு ஒருக்கா நின்று வந்தது.

ஒரு மணித்தியாலம் அப்படியே. மச்சினன் வயிற்றில் என் கால். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன். நோ வரத் தொடங்கியது. நெருப்பு ஊசி. அழுதேன். அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

இனி நடக்க முடியாது. இளகின கால் திரும்ப உறைந்தால் விரல் போய்விடுமாம். ஆக இங்கேதான். ஆட்கள் வரும்வரை.

ஒரு ரீப்பேயைத் துப்புரவு பண்ணினோம். தோலை இறகோடு உரித்தாலே கழன்று வருகிறது, சட்டை கழற்றுகிற சுகம். இரைப்பையைக் கீறினேன். உள்ளே வில்லோ மொட்டுகள், நிறைய, சின்னச் சின்னக் குச்சித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரே அளவு, கத்தியால் நறுக்கியதுபோல. சாகிறதுக்கு முதல் வயிறு நிரம்பத் தின்றிருக்கிறது. எங்களுக்குத்தான் மக்கரோனி. சட்டியில் அவித்தோம். உப்பு மட்டும். மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை இருந்தால். இறைச்சி கறுப்பு, கசப்பு வாசம். ருசி. முழுக்கத் தின்றோம்.

காற்று திரும்பவும். ஜீவன் சொன்னான், “நாளைக்கு வெளிக்கும் அத்தான். பயப்பிடாதேங்கோ.”

ஓம் என்றேன்.

பெப்ரவரி 11, திங்கள்
காலை

வெளிக்கவில்லை. குழாய்க்குள்ளால் பனி கொட்டி அடுப்பு அணைந்து திரும்ப மூட்டினோம். விறகு இன்றைக்குக் காணும். நாளைக்குக் காணாது.

சிகரெட் இல்லாமல் தலை வெடிக்கிறது. காலை விட அதுதான் தாங்கேலாது. இல்லை. கால்தான்.

ஜீவன் ஒவ்வொரு மணிக்கும் வெளியில் போய்க் குழாயைச் சுற்றிப் பனியை விலத்துகிறான், ஸ்கீயை நட்டு அதில் என் சிவப்புக் கழுத்துப்பட்டியைக் கட்டியிருக்கிறான். முந்தாநாள் இரவு சொன்னதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் முகத்தைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கும்போது பார்க்கிறதில்லை.

மனுசி இந்நேரம் என்ன செய்வா. சனி இரவே 112 க்கு அடித்திருப்பா. கட்டாயம் அடித்திருப்பா. அவ அடிக்காமல் விடமாட்டா.

பின்னேரம். ஆஸ்பத்திரி

வந்தார்கள். பதினொரு மணிபோல ஸ்கூட்டர்ச் சத்தம். செஞ்சிலுவைத் தொண்டர்கள், நாலு பேர். ஒருவர் பக்டரியில் கத்தி தீட்டுகிறவர். தினமும் “மொர்ன்” சொல்லிவிட்டுக் கடந்து போகிறவர், இத்தனை வருசத்தில் அதற்கு மேல் கதைத்ததில்லை. முழங்காலில் இருந்து என் காலைப் பார்த்து, “பருத்தி மேஸா?” என்று கேட்டார். கம்பளி என்றேன். “உள்ளே?” உள்ளே பருத்தி. ஒன்றும் சொல்லவில்லை. கொக்கோ தந்தார். சனி இரவே கிளம்பப் பார்த்தார்களாம், பாதை பூட்டு, காற்று விடவில்லையாம். நேற்று ஸ்கூட்டரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கிருந்து நாங்கள் இருந்த இடம் மூன்று கிலோமீற்றரும் இல்லை.

மூன்று கிலோமீற்றர்.

காசு கேட்பார்களா என்று ஜீவன் கேட்டான். தேடி மீட்கிறதுக்கு ஒரு குரோனரும் இல்லையாம். நிம்மதியில் சிரித்தான். எனக்கு வெட்கமாயிருந்தது.

மனுசி வாசலில் நின்றா. அவனைக் கட்டிப்பிடித்தா, பிறகு என்னை. முதலில் அவனை. அது சரிதான். ஆனாலும் எழுதுகிறேன்.

பெப்ரவரி 13, புதன்

நான்கு விரலிலும் கொப்புளம், தெளிந்த நீர். அது நல்லதாம். சின்னவிரலில் இருண்ட நீர். அது பார்ப்போமாம். தேய்த்தீர்களா என்று கேட்டார் தாதி. இல்லை, வயிற்றில் வைத்தோம். யார் வயிற்றில்? ஜீவன் கையை உயர்த்தினான், பள்ளிக்கூடப் பிள்ளையாய். தாதி சிரித்தா. அவன் தாதியோடு வேட்டைக் கதை கதைக்கிறான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை.

சிகரெட் கூடாது, ஒன்றுகூட. இரத்தக்குழாய் சுருங்கிவிடும். சரி என்றேன்.

பெப்ரவரி 16, சனி

வீடு. ஒரு சிகரெட். பல்கனியில், மனுசி கடைக்குப் போனபோது. பாதியோடு அணைத்தேன். விரல் துடித்தது. சிகரெட்டால் இல்லை என்று நினைக்கிறேன்.

மனுசி கேட்டா, “அந்தக் குழிக்குள்ளை விடியவிடிய என்ன கதைச்சனீங்கள்?”

“பக்டரிக் கதை.”

பெப்ரவரி 19, செவ்வாய்

நித்திரை இல்லை. கண்ணை மூடினால் காற்று. காற்று என்றால் பரவாயில்லை.

ஜீவன் சாப்பிட வந்தான். இரண்டு தட்டுப் புட்டு. இப்போது நன்றாக நித்திரை வருகிறதாம், படுத்தால் விடியத்தானாம். மனுசி சொல்கிறா அவன் முகம் தெளிந்துவிட்டது என்று. பயம் போனால் மனிசன் மாறுவானாம். ஓம், மாறியிருக்கிறான். அவனுக்கு இறங்கிவிட்டது. எனக்கு ஏற்றிவிட்டான்.

சின்னவிரல் கறுக்கிறது. நுனி.

பெப்ரவரி 24, ஞாயிறு

எழுதுகிறேன். எழுதினால் எனக்கும் நித்திரை வருமா என்று பார்க்க.

1990. ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கின பிறகு. மனுசி அப்போது கொழும்பில் சித்தி வீட்டில். நான் இங்கே, மீன் பெட்டி தூக்கிக்கொண்டு. பொம்பர் வந்தபோது எல்லோரும் பங்கருக்குள். மாமி, ராசன், ஜீவன். ஜீவனுக்கு ஒன்பது வயது. ராசனுக்குப் பதினாறு. எங்களுக்குச் சொன்ன கதை, ராசன் மாட்டை அவிழ்த்துவிடப் போன இடத்தில். மனுசி இன்றைக்கும் பால் குடிக்கமாட்டா, அந்த மாட்டை நினைத்து.

மாடு இல்லை. ஜீவன் விடாய்க்குது என்று கேட்டானாம். கேட்டுக்கொண்டே இருந்தானாம். மாமி பேசாமல் இரு என்றாவாம். ராசன் கிணற்றடிக்குப் போனான். வாளி விழுந்த சத்தம் கேட்டதாம். அதுதான் முதலில் கேட்டதாம்.

மாமிதான் மாடு என்று சொன்னா. செத்துப் போகும்வரை மாடு என்றுதான் சொன்னா, சின்னவனுக்காக.

“அக்காவுக்குச் சொல்லாதேங்கோ அத்தான்.”

எழுதிவிட்டேன். நித்திரை வரவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

விரல் நுனி காய்ந்து கறுத்துக் கிடக்கிறது, நோ இல்லை. டொக்டர் அவசரப்படக் கூடாது என்கிறார். வெட்டுகிறதா விடுகிறதா என்று கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் பார்த்துத்தான் முடிவெடுப்பார்களாம். செத்தது எது, உயிருள்ளது எது என்று உடம்பே கோடு போட்டுக் காட்டுமாம். அதுவரை தொடாமல் இருக்க வேண்டும். சப்பாத்து, தள்ளி நிற்கிற அளவில் பெரிதாக.

மனுசி தேத்தண்ணி தந்தா, பால் இல்லாமல். வாய்மட்டும் வந்தது. விழுங்கினேன்.

சிகரெட் இரண்டு. எழுதத்தான் வேண்டும் என்று எழுதுகிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஜீவன்மேல் கோபம். பிறகு இல்லை. பிறகு திரும்பவும். பூட்ஸ் அவனுடையது, போக நினைத்தது அவன், மண்வெட்டியை விட்டது அவன். குழி தோண்டினதும் அவன். வயிறு தந்ததும் அவன்.

கத்தி தீட்டுகிறவர் வீட்டுக்கு வந்து கால் பார்த்தார். வாஃபிள் கொண்டுவந்தார். மனுசி பால் விடாத தேத்தண்ணி கொடுத்தா. ஒரு மணித்தியாலம் இருந்தார். கதைக்கிறதுக்கு விசயம் இல்லை. இருவருக்கும் அது பிரச்சினையாயிருக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

ரீப்பேக் காலம் இன்றோடு முடிகிறது. ஜீவன் வந்தான், செப்டெம்பர் 10 திரும்பத் தொடங்குமாம். மண்வெட்டி, திசைகாட்டி, கடதாசி வரைபடம், இரண்டு விளக்கு, எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். எனக்கு 44 அளவில் பூட்ஸ் பார்த்திருக்கிறானாம், தரவேண்டிய காசில் கழிக்கலாமாம். நான் வரவில்லை என்றேன். சிரித்தான்.

போகும்போது படியில் நின்று கேட்டான். “அக்காவுக்கு…”

“இல்லை.”

“சரி அத்தான்.” இரண்டு படி ஒன்றாய் இறங்கிப் போனான்.

திங்கள் வேலை. நின்று செய்கிற இடம் ஏலாது, பொதி பண்ணுகிற பக்கம் கதிரை இருக்கிறது, கேட்க வேண்டும். மனுசி நாளைக்கு ஜாக்கெட் எல்லாம் தோய்க்கப் போகிறா, சொன்னா. தோய்க்க முதல் பொக்கற் எல்லாம் தட்டிப் பார்க்கிறவ. இந்தக் கொப்பியை வேறு எங்கேயாவது வைக்க வேண்டும். பக்டரி லொக்கர். அதற்குத் திங்கள்வரை பொறுக்க வேண்டும். இன்றிரவுக்கு எங்கே.